கடலுக்கு விட்ட இடம்

கொழும்பு காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையில் பழைய கல்வெட்டு ஒன்று உள்ளது. மாலை வேளையில் இறால் வடையும் கையுமாக அதனைக் கடந்து செல்கின்ற கூட்டத்தில் எவரும் நின்று அதை வாசிப்பதை நான் கண்டதில்லை. இளம் நிருபராக இருந்த காலத்தில், யாரோ ஒரு அமைச்சருக்காகக் காத்திருந்த வேளையில்தான் நானும் வாசித்தேன். ஆளுநர் சேர் ஹென்றி வோட் 1856 இல் இந்த நடைபாதையைத் தொடக்கினார், 1859 இல் அது நிறைவுற்றது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதனைத் தமக்குப் பின் வருவோரின் கவனத்தில் விட்டுச் செல்கின்றார் என்பதே அக்கல் கூறும் செய்தி. கடலோரத்தில் ஒரு திறந்த வெளியை ஒதுக்கி, அதைப் பின்வருவோரின் பொறுப்பில் விடவேண்டும் என்ற எண்ணம் நமது நாட்டில் அவ்வளவு பழையது.

அதே 1856 ஆம் ஆண்டில், உலகின் மறுபக்கத்தில், நியூயோர்க்கின் மன்ஹற்றன் தீவினது தென்முனையான பற்றரி என்னுமிடத்தில் கடல்மட்ட அளவீடுகள் தொடங்கின. இன்றுவரை நீண்டுவரும் அந்தப் பதிவேடு உலகின் மிகப் பழைய கடல்மட்டப் பதிவேடுகளுள் ஒன்று. 1900 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அங்கே கடல் ஏறத்தாழ ஓரடி உயர்ந்திருக்கின்றது. உலகச் சராசரியை விட இது அதிகம். கடல் உயர்கின்ற அதேவேளை, பனியுகம் முடிந்த நாள்முதல் அந்தப் பகுதியின் நிலமும் மெல்ல மெல்லத் தாழ்ந்து வருகின்றது என்பதுதான் அதற்குக் காரணம்.

தொடர்பற்ற இந்த இரண்டு செய்திகளையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு 2025 இன் இலையுதிர் காலத்தில் எனக்குக் கிட்டியது. என் தங்கையின் மகள் நியூயோர்க்கில் குடியிருக்கின்றாள். மருத்துவமனையொன்றில் தாதியாகப் பணிபுரிபவள். "மாமா, நீங்கள் எழுதுறதுக்கு ஒண்டு காட்டுறன், வாங்கோ" என்று ஒரு ஞாயிறு காலையில் அழைத்துச் சென்றாள். நான் சுதந்திர தேவி சிலையை எதிர்பார்த்தேன். அவள் காட்டியது ஒரு பூங்கா.

குயின்ஸ் பகுதியில், ஈஸ்ற் றிவர் கரையில் இருக்கும் ஹன்ரர்ஸ் பொயின்ற் சவுத் பூங்கா அது. ஈஸ்ற் றிவர் பெயரில்தான் ஆறு. உண்மையில் கடலின் வற்றுப்பெருக்குடன் ஏறி இறங்குகின்ற உவர்நீரிணை. ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் இருந்து, பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்த அந்தக் கரையில் முதற்பகுதி 2013 இலும் இரண்டாம் பகுதி 2018 இலும் திறக்கப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 11 ஏக்கர். தோமஸ் பால்ஸ்லி என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளரும், வைஸ் மன்பிறெடி என்ற கட்டடக்கலை நிறுவனத்தினரும் சேர்ந்து வரைந்தது.

பார்த்தவுடன் வியப்பதற்கு அங்கே எதுவுமில்லை. பிள்ளைகள் பந்து விளையாடுகின்ற நீள்வட்டப் புற்றரை. அதன் ஓரத்தில் படிகள். நீரோரமாகக் கருங்கற்கள் அடுக்கிய சரிவு. அதற்கப்பால் உவர்நீரில் வளரும் புல் அடர்ந்த சதுப்பு. சதுப்பின் நடுவே ஒரு நடைபாதை. மருமகள் விளக்கிய பின்னர்தான் என் கண்கள் திறந்தன. அந்தப் புற்றரை வேண்டுமென்றே பள்ளமாக அமைக்கப்பட்டது. வெள்ளம் வந்தால் அது குளமாகும், வெள்ளம் வடிந்தால் மீண்டும் விளையாட்டிடமாகும். உப்பைத் தாங்குகின்ற செடிகளாகப் பார்த்து நட்டிருக்கின்றார்கள். நனையக்கூடாத பொருட்கள் மேட்டில். நனைந்தால் காய்ந்துவிடக்கூடிய பொருட்கள் பள்ளத்தில். 2012 ஒக்ரோபரில் சான்டி சூறாவளி தாக்கியபோது பூங்காவின் முதற்பகுதி கட்டுமானத்தில் இருந்தது. கடல் உள்ளே வந்தது, நின்றது, வெளியேறியது. பெருஞ்சேதம் ஏற்படவில்லை. திறப்பு விழாவுக்கு முன்னரே கடல் வந்து பரீட்சை வைத்துவிட்டுப் போயிற்று எனலாம்.

இதன் பின்னால் உள்ள அறிவு எளியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் துறைமுக நகரங்கள் தமது கரைகளைச் செங்குத்தான சுவர்களாகவே கட்டின. கப்பல் அணைவதற்குச் சுவர் வேண்டும். ஆனால் செங்குத்துச் சுவரில் மோதுகின்ற அலை தன் வலுவை இழப்பதில்லை. திரும்பிச் சென்று அடுத்த அலையுடன் சேர்ந்து சுவரின் அடிவாரத்தை அரிக்கின்றது. சுவரைத் தாண்டிய நீரோ திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே தேங்குகின்றது. சரிவான கரையில் அலை ஏறி, கற்களுக்கிடையில் உடைந்து, புல்லுக்கிடையில் தளர்ந்து, களைத்துப் போகின்றது. வந்த வழியே திரும்பவும் முடிகின்றது. ஆற்றின் அதே கரையில் சற்றுத் தெற்கே இருக்கும் புரூக்லின் பாலப் பூங்காவையும் மைக்கல் வான் வால்கன்பேர்க் என்பவர் இதே முறையில்தான் அமைத்தார். பழைய துறைமுகச் சுவரின் இடத்தில் பல பகுதிகளில் கற்சரிவும் உவர்ப்புல்லும். சான்டியின் போது அந்தப் பூங்காவும் நனைந்தது. பிழைத்துக்கொண்டது.

நான் மகிழ்ந்து போனேன். குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். கடலுடன் மல்லுக்கு நிற்காமல் அதற்கும் ஓர் இடம் விட்டுக் கொடுக்கின்ற பண்பு, சுவர்களின் மீது நம்பிக்கை வைத்த நாகரிகத்துக்கு ஒரு பாடம், என்ற விதமாகச் சில வரிகள். ஊர் திரும்பியதும் எழுதவேண்டிய கட்டுரையின் தலைப்புக்கூட வந்துவிட்டது. மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அவசரப்படாதேங்கோ. மற்றக் கரையையும் பாத்திட்டு எழுதுங்கோ" என்றாள்.

படகில் நீரிணையைக் கடந்து மன்ஹற்றன் கரைக்குச் சென்றோம். அங்கிருந்து தெற்கு நோக்கி நடந்தோம். நடக்கும்போதுதான் அவள் சான்டி இரவைப் பற்றிக் கூறினாள். அதுவரை அவள் எனக்கு அதனைக் கூறியதில்லை. எங்கள் வீட்டில் எவருக்கும் கூறியதில்லை என்றே நினைக்கின்றேன்.

2012 இல் அவள் அந்தக் கரையிலிருந்து இரண்டு தெருக்கள் தள்ளி, ஒன்பதாம் மாடியில் வாடகைக்கு இருந்தாள். ஒக்ரோபர் 29 இரவு பற்றரி அளவுகோலில் நீர், வற்று மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 14 அடிக்கு உயர்ந்தது. அது அந்தப் பதிவேடு கண்ட உச்சம். கிழக்கு 14 ஆம் தெருவுக்கு அருகிலிருந்த மின்நிலையத்துக்குள் கடல்நீர் புகுந்து வெடிப்பு ஏற்பட்டது. மன்ஹற்றனின் தென்பாதி இருளில் மூழ்கியது. மருமகள் இருந்த கட்டடத்துக்கு நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மின்தூக்கி இல்லை, மேல்மாடிகளுக்கு நீர் ஏற்றும் பம்பி இல்லை. ஏழாம் மாடியில் ஒட்சிசன் உருளையை நம்பியிருந்த முதியவர் ஒருவருக்கு அவளும் அயலவர்களும் இருட்டில் படிக்கட்டு வழியே உருளைகளைச் சுமந்து ஏற்றினார்கள். அதே கரையோரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் பிறந்த சில நாட்களேயான குழந்தைகளைத் தாதியர் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கினர். நகரில் மட்டும் 40 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

"நான் யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெய் விளக்கில படிச்சனான். இருட்டு எனக்குப் புதுசில்லை. ஆனா தண்ணி வந்த சத்தம் இருக்கே மாமா..." என்று கூறி நிறுத்திக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் ஈஸ்ற் றிவர் பார்க். 1930களில் றொபேர்ட் மோசஸ் என்ற அதிகாரம் மிக்க நிர்வாகி உருவாக்கி, 1939 இல் திறந்து வைத்த பூங்கா. ஒருபுறம் நீர், மறுபுறம் எப்போதும் இரைகின்ற நெடுஞ்சாலை, அதற்கு அப்பால் அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்புகள். வசதி குறைந்த மக்களின் ஒரே முற்றம் அதுதான். எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததோ வேலிகளும், மண்ணேற்றும் இயந்திரங்களும், உயர்த்தப்பட்ட புதிய நிலத்தில் நேற்று நட்டவை போன்ற ஒல்லியான மரக்கன்றுகளும். 2025 இல் மீளத் திறக்கப்பட்ட சில பகுதிகளில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தனர்.

இந்தப் பூங்காவின் கதையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். சான்டிக்குப் பின்னர் அமெரிக்க மத்திய அரசு ஒரு வடிவமைப்புப் போட்டியை நடத்தியது. டென்மார்க்கைச் சேர்ந்த பியார்க்க இங்கெல்ஸ் என்பவரின் நிறுவனம் தலைமைதாங்கிய குழு, மன்ஹற்றனின் தென்பகுதியைச் சுற்றி ஆங்கில 'யு' எழுத்தின் வடிவில் ஒரு காப்பு வளையத்தை முன்மொழிந்தது. அதன் கிழக்குப் பகுதிக்கு 2014 இல் 33.5 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. முதலில் வரைந்த திட்டத்தில் நெடுஞ்சாலையின் ஓரமாக ஒரு மண்மேடு எழும். மேட்டுக்கு உள்ளே வீடுகள். மேட்டுக்கு வெளியே, நீர்ப்பக்கமாக, பழைய பூங்கா. புயல் வந்தால் பூங்கா நனையும், வீடுகள் நனையா. குடியிருப்பாளர்கள் நான்கு ஆண்டுகளாகக் கூட்டங்களுக்குச் சென்று, வரைபடங்களின்மீது குனிந்து, தமது கருத்துகளை எழுதிக் கொடுத்தனர்.

2018 இல் நகர நிர்வாகம் அதனை மாற்றியது. மேடு வேண்டாம், பூங்கா முழுவதையும் 8 முதல் 10 அடிவரை மண்போட்டு உயர்த்தி, நீரோரத்திலேயே காப்பைக் கட்டுவோம் என்றது. செலவு 145 கோடி டொலர். ஏறத்தாழ ஆயிரம் மரங்கள் வெட்டப்படும். நகரசபை 2019 இல் ஒப்புதல் அளித்தது. 2021 டிசம்பரில் மரங்கள் சாயத் தொடங்கின. தம்மைச் சங்கிலியால் மரங்களுடன் பிணைத்துக் கொண்டவர்களும் இருந்தார்கள்.

"எனக்குச் சொன்னால், உயர்த்தினது சரி மாமா" என்றாள் மருமகள். "அங்கால குயின்ஸ் கரையில பழைய கட்டடங்களை எடுத்துப்போட்டு எல்லாத்தையும் புதுசா வரைஞ்சவை. கடலுக்கு விட இடம் இருந்தது. இங்க பாருங்கோ, பூங்கா, றோட், வீடு. வேற என்ன இடம் இருக்கு? ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சனம் பின்னால இருக்குது. மரம் திரும்ப வளரும்."

நான் பதில் கூறவில்லை. அவளுடைய வாதத்தில் வலு இருந்தது. சான்டியின் உப்புநீர் பட்ட பழைய மரங்களுள் பல பின்னர் பட்டுப்போனதும் உண்மை. ஆண்டுக்கு இரண்டு தடவை நனைகின்ற பூங்கா அழகிய எண்ணம். கடல் உயர உயர அது மாதத்துக்கு இரண்டு தடவை நனையுமானால் பூங்காவாக நீடிக்குமா என்பது நியாயமான கேள்வி. மண்மேட்டைக் கட்டுவதானால், ஓயாத நெடுஞ்சாலையின் ஓரத்தில், பெரிய மின்வடங்களுக்கு மேலே வேலை செய்யவேண்டியிருக்கும் என்பதும் பொறியியலாளர்கள் முன்வைத்த காரணம். அரை மணித்தியாலத்துக்கு முன்னர் நான் குறிப்பேட்டில் எழுதிய அழகிய வரிகள் வெறும் வரிகளாகத் தெரிந்தன.

திறந்திருந்த பகுதியில் ஒரு வாங்கில் மருமகளின் முன்னாள் அயலவரான மூதாட்டி அமர்ந்திருந்தார். புவேர்ட்டோ றிக்கோ தீவிலிருந்து சிறுமியாக வந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அதே குடியிருப்பில் வாழ்பவர். அவரும் ஒட்சிசன் உருளை சுமந்தவர்களுள் ஒருவராம். பூங்காவை உயர்த்தியது பற்றி அவரிடம் கேட்டேன். நீண்ட நேரம் நீரைப் பார்த்திருந்துவிட்டுக் கூறினார். மருமகள் மொழிபெயர்த்தாள். "உயர்த்தியது தவறு என்று நான் கூறவில்லை. நான்கு ஆண்டுகள் எங்களிடம் கேட்டார்கள். நாங்களும் கூறினோம். பிறகு ஒரு நாள், நாங்கள் கூறியது வேண்டாம் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்குத் தந்த ஆவணத்தில் பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசியிருந்தது. அந்தக் கறுப்பு மையைத்தான் நான் மன்னிக்கவில்லை."

திட்டத்தை மாற்றியதற்கு ஆதாரமான ஆய்வறிக்கை முதலில் பல பகுதிகள் மறைக்கப்பட்ட நிலையில்தான் வெளிவந்தது என்பது பதிவான செய்தி.

அந்த வாங்கில் அமர்ந்திருந்தபோது என் மனம் 2005 ஜனவரிக்குப் போயிற்று.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கு மேல். சில வாரங்களுக்குள் அரசாங்கம் ஓர் அறிவித்தலை விடுத்தது. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது. ஒரே கடல், ஒரே அலை, இருவேறு அளவுகள். அந்த வேறுபாட்டுக்கு எவரும் திருப்தியான விளக்கம் தரவில்லை.

ஆனால் அப்போது நான் அதைக் கேட்கவில்லை. நான் பணிபுரிந்த பத்திரிகையில் அந்த அறிவித்தலை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதினேன். கசப்பான மருந்து, ஆனாலும் விழுங்கியாக வேண்டும் என்பது அதன் சாரம். பிரேதங்களைக் கண்ணால் கண்டு பத்து நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை. இனி ஒரு பிள்ளையும் அந்தக் கரையில் உறங்கக்கூடாது என்ற எண்ணத்தில் எழுதினேன். எண்ணத்தில் பிழையில்லை என்று இப்போதும் நம்புகின்றேன்.

கட்டுரை வெளியாகிய வாரத்தில் கல்முனைக்குத் தெற்கே ஒரு கரையோரக் கிராமத்துக்குச் சென்றேன். நில அளவையாளர் ஒருவர் அளவு நாடாவைப் பிடித்து, 200 மீற்றரில் ஒரு கட்டையை அறைந்துகொண்டிருந்தார். எழுபது வயது மதிக்கத்தக்க கரைவலைக்காரர் ஒருவர் தள்ளி நின்று பார்த்திருந்தார். மனைவியையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர். நான் பேனையை எடுத்ததும் என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

ஓரிடத்தில் தாழையும் இராவணன் மீசையும் அடம்பன்கொடியும் மூடிய உயர்ந்த மணல்மேடு அப்படியே நின்றது. அதன் பின்னால் இருந்த சில வீடுகளின் கூரைகூடக் கலையவில்லை. நூறு யார் தள்ளி, கட்டட வேலைக்காக மணல் அள்ளி மேடு கரைந்திருந்த இடத்தில், அலை வாய்க்கால் வெட்டியதுபோல் உள்நுழைந்து, அரை மைலுக்கு மேல் ஊரைத் துடைத்திருந்தது.

"இஞ்ச இருநூறு மீற்றரும் தேவையில்லை தம்பி. அங்க இருநூறு மீற்றரும் போதாது" என்றார். "கடல் எங்க வரும், எங்க வராது எண்டு எங்களுக்குத் தெரியும். வாடி கரையில இருக்கட்டும், தோணி கரையில இருக்கட்டும். போனா போகட்டும், திரும்பக் கட்டலாம். வீடு மேட்டுக்குப் பின்னால இருக்கட்டும். மேட்டில ஒரு பிடி மண்ணும் ஒருத்தரும் அள்ளக்கூடாது. இதக் கேட்க ஒருத்தரும் வரல்ல. கட்டையோடதான் வந்தாங்க."

இதனை நான் குறிப்பேட்டில் எழுதினேன். பத்திரிகையில் எழுதவில்லை. அந்த வாரச் செய்தியில் இடம் குறைவாக இருந்தது என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. சென்ற வாரம் நான் எழுதியதை இந்த வாரம் ஒரு கரைவலைக்காரரின் வாயால் மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் நடந்ததை ஈழத்து வாசகர்கள் அறிவர். கரையை விட்டுத் தள்ளிக் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் மீனவர்கள் குடியேற மறுத்தார்கள். குடியேறிய சிலர் வலையைப் பார்க்க ஆளில்லாமல் திரும்பி வந்தார்கள். சாதாரண மக்களைத் தள்ளிவைத்த கரையில் சுற்றுலா ஹோட்டல்களுக்கு மட்டும் இடம் உண்டா என்ற கேள்வி ஊரெங்கும் எழுந்தது. 2005 இன் இறுதியில் அந்த எல்லைகள் தளர்த்தப்பட்டன. காப்பு வலயம் என்ற சொல்லே மக்களுக்குக் கசந்துவிட்டது. இதுவே நான் பெரிதாகக் கருதும் இழப்பு. விஞ்ஞானம் மெய்யாகவே கரையிலிருந்து விலகு என்று கூறுகின்ற நாள் வரும்போது, அதை நம்புவதற்கு எங்கள் கரையோர மக்களிடம் காரணம் எதையும் நாம் மிச்சம் வைக்கவில்லை.

விலகுவதே முடியாத காரியம் என்று எவரும் எண்ணவேண்டாம். அதே நியூயோர்க்கில் ஸ்ரற்றன் தீவின் ஓக்வுட் பீச் என்ற குடியிருப்பு சான்டியில் அழிந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் தாமே கூடிப் பேசி, எங்கள் வீடுகளை அரசு வாங்கிக்கொள்ளட்டும் என்று கேட்டார்கள். மாநில அரசு 2013 முதல், புயலுக்கு முந்திய பெறுமதியைக் கொடுத்து வாங்கத் தொடங்கியது. இனி அங்கே எவரும் கட்டமாட்டார்கள், ஹோட்டலும் வராது, அது திறந்த நிலமாகவே இருக்கும் என்பது அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் விலகிச் சென்றன. கட்டை அறைந்து விலக்கியதற்கும், கேட்டு விலகியதற்கும் இடையில் எவ்வளவு தூரம்!

கரையைக் காப்பதற்கு உலகம் இன்று கையாளும் வழிகள் இவைதாம். நனைந்து காய்கின்ற நிலமாக அதை வரைவது, உயர்த்துவது, விலகுவது. எது எங்கே பொருந்தும் என்பதை நிலமும், பின்னால் வாழும் மக்கள் தொகையும், கையிருப்புப் பணமும் தீர்மானிக்கின்றன. உயர்த்தினால் உள்ளே பெய்கின்ற மழைநீர் எப்படி வெளியேறும் என்று பார்க்கவேண்டும். கடலை மறித்த கதவு மழையையும் மறிக்கும். நனைய விட்டால் எந்தச் செடி உப்பைத் தாங்கும் என்று பார்க்கவேண்டும். விலகினால் தொழிலுக்குக் கரைக்கு வரும் வழி எது என்று பார்க்கவேண்டும். இவற்றுள் எதற்கும் கொழும்பிலோ வாஷிங்டனிலோ மேசையில் வைத்து முழு விடையையும் எழுதிவிட முடியாது.

காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 இற்கும் 2018 இற்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீற்றராக இருந்த வேகம், 2006 இற்கும் 2018 இற்கும் இடையில் 3.7 மில்லிமீற்றராகியது. புகையை வெகுவாகக் குறைத்தாலும் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள், 1995 இற்கும் 2014 இற்கும் இடைப்பட்ட மட்டத்துக்கு மேல், ஏறத்தாழ 30 முதல் 55 சென்ரிமீற்றர் வரை உயரலாம். குறைக்காவிட்டால் ஒரு மீற்றரை எட்டலாம். ஆழிப்பேரலை ஒரு காலைப்பொழுதில் வந்து போயிற்று. இது வந்துகொண்டே இருக்கப் போகின்றது. அவசரம் என்று கூறி மக்களைக் கேளாமல் விட இம்முறை நமக்குச் சாட்டு இல்லை.

நமக்கு அறிவும் இல்லாமலில்லை. மழைவெள்ளத்தை உள்வாங்குகின்ற சதுப்புநிலங்களைக் காத்து, பெத்தகான, தியசறு போன்ற பூங்காக்களை அமைத்ததால், 2018 இல் கொழும்பு ஈரநில நகரம் என்ற றம்சார் அங்கீகாரத்தைப் பெற்றது. நனைந்து காயும் நிலத்தின் அருமையைத் தலைநகர் அறிந்திருக்கின்றது. அதே அறிவு கல்முனையின் மணல்மேட்டுக்கும், மட்டக்களப்பு வாவியின் கண்டற்காட்டுக்கும், முல்லைத்தீவுக் கரைக்கும் போய்ச் சேரவேண்டும். எந்தக் கரையில் எந்த ஆண்டளவில் எவ்வளவு நீர் என்ற கணக்கு, கறுப்பு மையில்லாமல், தமிழிலும் சிங்களத்திலும் அந்தந்தக் கிராமத்தின் பொதுமண்டபச் சுவரில் தொங்கவேண்டும். கட்டையோடு போகுமுன் அந்தக் கணக்கோடு போகவேண்டும். போய், கேட்கவேண்டும்.

புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் கரையோரமாக மண்டபமும் விடுதியும் கட்ட நீங்கள் பணம் அனுப்புகின்றீர்கள். அனுப்புங்கள். ஆனால் அத்திவாரம் வெட்டுவதற்கு முன், அந்த மண் எங்கிருந்து அள்ளப்படுகின்றது என்று தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள்.

கொழும்பு திரும்பிய மறுநாள் மாலை காலிமுகத்திடலுக்குச் சென்றேன். ஆளுநர் வோட்டின் கல் அப்படியே இருந்தது. முன்பு கடல் தெரிந்த திசையில் இப்போது, 2019 இல் நிரப்பி முடிக்கப்பட்ட 269 ஹெக்ரெயர் துறைமுக நகரத்தின் நிலம் தெரிகின்றது. பின்வருவோர் தமக்கு விடப்பட்டதைத் தமக்குத் தெரிந்த விதத்தில் பயன்படுத்தியிருக்கின்றார்கள். ஒரு சிறுவன் கல்லின் அருகே பட்டத்தை ஏற்ற முயன்றுகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். 2005 ஜனவரி. மை மங்கிவிட்டது. ஆனாலும் அந்தக் கரைவலைக்காரர் கூறியவை வரிக்கு வரி இருந்தன. அவர் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. இருபது ஆண்டுகள் தாமதமாக அவற்றை இங்கே வெளியிடுகின்றேன். அன்றே எழுதியிருந்தால் அந்தக் கட்டை ஒரு மீற்றர்தானும் நகர்ந்திருக்குமா என்பதை அறியேன். எழுதியிருக்க வேண்டும்.